வானத்திலும் உண்டு அவசரச் செய்தி! திடீரென எழும் எக்ஸ்ரே வெடிப்பை யார் முதலில் பார்ப்பது?

தொலைக்காட்சி மன்றத்தில் இம்முறை எனக்குக் கிடைத்த தலைப்பு விண்வெளி. "நிகழ்ச்சி படைக்கும் பெண்ணுக்கும் விண்வெளிக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். நான் விஞ்ஞானி அல்ல. தகவல் சாதனத் துறையில் டிப்ளோமா படித்தவள். ஆனால், எங்கள் துறையில் முதல் நாளே சொல்லித் தரும் பாடம் ஒன்று உண்டு. திடீரென ஒரு சம்பவம் நடந்தால், அதை யார் முதலில் கவனித்தார், எவ்வளவு சீக்கிரம் மற்றவர்களுக்குச் சொன்னார் என்பதுதான் முக்கியம். படம் பிடிக்க ஆள் போவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வானத்திலும் இதே கதைதான். அங்கேயும் இரவுப் பணியில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். அவர் தூங்கிவிட்டால் சில செய்திகள் ஓர் ஆயுள் காலத்துக்கு மறுபடி வராது.

அதிகாலை இரண்டரை மணிச் செய்தி

2015ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி. மலேசிய நேரம் அதிகாலை இரண்டரை மணியளவு. ஷா ஆலமும் கிள்ளானும் நல்ல உறக்கத்தில் இருந்தன. அந்த நேரத்தில் அமெரிக்காவின் 'ஸ்விஃப்ட்' துணைக்கோளம் ஒரு திசையிலிருந்து எக்ஸ்ரே கதிர்கள் குபீரெனப் பாய்வதைக் கண்டது. அடுத்த சில நிமிடங்களில் தகவல் உலகெங்கும் பறந்தது.

கதிர்கள் வந்த இடம் 'வி404 சிக்னி'. சிக்னஸ் எனப்படும் அன்ன விண்மீன் குழுவில், சுமார் 7,800 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. நம் சூரியனைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு நிறையுள்ள ஒரு கருந்துளையும், அதைச் சுற்றி வரும் ஒரு விண்மீனும் சேர்ந்த ஜோடி அது. அந்த அதிகாலையில் அன்ன விண்மீன் குழு நம் வடவானில் நன்றாகவே ஏறியிருந்தது. நம் தலைக்கு மேலேதான் நடந்தது. ஆனால் வெறும் கண்ணுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

அந்தக் கருந்துளை இதற்கு முன் விழித்தது 1989 மே மாதத்தில். ஜப்பானின் 'கிங்கா' துணைக்கோளம் அதைக் கண்டது. பிறகு 26 ஆண்டுகள் அமைதி. 2015இல் விழித்து, இரண்டு வாரம் போலக் கொதித்துவிட்டு மறுபடி அடங்கத் தொடங்கியது. ஸ்விஃப்டும், அனைத்துலக விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்டுள்ள ஜப்பானின் 'மேக்ஸி' கருவியும் உடனே சொல்லாமல் இருந்திருந்தால், உலகின் பெரிய தொலைநோக்கிகள் அந்த இரண்டு வாரமும் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

தரையிலிருந்து பார்க்க முடியாதா?

முடியாது. மருத்துவமனையில் எடுக்கும் எக்ஸ்ரே நம் தசையைத் துளைத்துச் செல்கிறதே, விண்ணிலிருந்து வருவது காற்றைத் துளைத்து வராதா என்று தோன்றும். நம் தலைக்கு மேலே உள்ள காற்று மண்டலம் முழுவதையும் எடை போட்டால், அது பத்து மீட்டர் ஆழமுள்ள தண்ணீருக்குச் சமம். அத்தனையையும் தாண்டி இந்தக் கதிர்களால் தரைக்கு வர இயலாது. நாம் உயிரோடு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே கருவியை மேலே கொண்டுபோக வேண்டும். 1962 ஜூன் 18ஆம் தேதி, ரிக்கார்டோ ஜியாகோனியின் குழு அமெரிக்காவில் ஒரு ராக்கெட்டை ஏவியது. நிலவிலிருந்து எக்ஸ்ரே வருகிறதா என்று பார்ப்பது திட்டம். காற்றுக்கு மேலே கருவி இருந்தது சில நிமிடங்களே. அதற்குள், சூரியக் குடும்பத்துக்கு வெளியே, விருச்சிக விண்மீன் குழுவில் பிரகாசமான ஓர் எக்ஸ்ரே மூலம் சிக்கியது. எக்ஸ்ரே வானியல் பிறந்தது. ஜியாகோனிக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஏன் திடீரென வெடிக்கிறது?

கருந்துளை எதையும் வெளியே விடாது என்று படித்திருக்கிறோம். பிறகு கதிர் எங்கிருந்து வருகிறது? உள்ளே இருந்து அல்ல, வாசலில் இருந்து.

கருந்துளையின் பக்கத்தில் ஒரு விண்மீன் சுற்றுகிறது அல்லவா? அதன் வாயுவைக் கருந்துளை கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கிறது. வாயு நேராக உள்ளே விழுவதில்லை. தட்டு போலச் சுழன்றபடி சுற்றி நிற்கிறது. குளிர்ந்திருக்கும் வரை அந்தத் தட்டு மந்தமாக இருக்கும். வருவது அதிகம், உள்ளே போவது குறைவு. மதகு மூடிய ஏரி மாதிரி ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

ஒரு கட்டத்தில் தட்டின் ஒரு பகுதி சில ஆயிரம் டிகிரிக்குச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் ஹைட்ரஜன் அணுக்கள் தங்கள் எலெக்ட்ரான்களை இழக்கின்றன. அதோடு வாயுவின் போக்கே மாறி, உராய்வு கூடுகிறது. சூடு பக்கத்துக்குப் பக்கம் பரவுகிறது. மதகு திறந்துவிட்டது! சேர்ந்திருந்த வாயு மளமளவென உள்நோக்கிப் பாய்கிறது. கருந்துளையை நெருங்கும்போது அதன் சூடு ஒரு கோடி டிகிரி அளவுக்கு எகிறுகிறது. அவ்வளவு சூடான பொருள் எக்ஸ்ரே கதிரைத்தான் வீசும். ஏரி வடிந்ததும் மதகு மூடிக்கொள்ளும். மீண்டும் பல ஆண்டுக் காத்திருப்பு. சில ஜோடிகளில் கருந்துளைக்குப் பதில் நியூட்ரான் விண்மீன் இருக்கும். அங்கேயும் கணக்கு ஏறக்குறைய இதுதான்.

இப்படித் தோன்றி மறைபவற்றை 'நிலையற்ற எக்ஸ்ரே மூலங்கள்' என்கிறார்கள். எந்த ஏரியின் மதகு எந்த நாளில் திறக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

1975: மூன்று மாத இடைவெளி

இந்தியாவின் முதல் துணைக்கோளம் ஆர்யபட்டா, 1975 ஏப்ரல் 19ஆம் தேதி விண்ணுக்குச் சென்றது. அதில் எக்ஸ்ரே வானியல் கருவியும் இருந்தது பலருக்குத் தெரியாது. நான்கே நாளில் மின்சாரக் கோளாறு ஏற்பட்டு, ஆய்வுக் கருவிகளை நிறுத்த வேண்டியதாயிற்று.

அதே ஆண்டு ஆகஸ்டு 3ஆம் தேதி, ஓரியன் குழுவுக்குப் பக்கத்தில் ஒரு புதிய எக்ஸ்ரே மூலம் முளைத்தது. சில வாரங்கள் வரை, சூரியனை விட்டுவிட்டால் எக்ஸ்ரே வானத்தில் அதைவிடப் பிரகாசமானது வேறெதுவும் இல்லை. கண்டது பிரிட்டனின் 'ஏரியல் 5' துணைக்கோளம். அந்த மூலத்துக்கு 'ஏ0620-00' என்று பெயர். ஆர்யபட்டாவின் கருவிகள் நின்று மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இந்தத் துறையில் காலம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

பிறகு பழைய புகைப்படத் தட்டுகளைப் புரட்டினார்கள். அதே இடத்தில் 1917லும் ஒரு வெளிச்சம் வந்து போயிருந்தது! யாரும் கவனிக்கவில்லை. வி404 சிக்னி விஷயமும் அப்படித்தான். 1938இல் அதைச் சாதாரண 'நோவா' என்று எழுதி வைத்தார்கள். 1956இல் வந்துபோனது பிற்பாடு பழைய தட்டுகளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

வெடித்து அடங்கிய பிறகும் வேலை முடிவதில்லை. கூச்சல் அடங்கிய பிறகுதான் பக்கத்து விண்மீனின் மங்கலான ஒளி தெரியும். அந்த விண்மீன் எவ்வளவு வேகத்தில், எத்தனை நேரத்துக்கு ஒரு முறை சுற்றுகிறது என்று அளந்தால், நடுவில் இருப்பதன் எடை தெரிந்துவிடும். ஏ0620-00இன் துணை விண்மீன் ஏழே முக்கால் மணி நேரத்தில் ஒரு சுற்று வருகிறது. 1986இல் மெக்ளின்டாக், ரெமில்லார்ட் ஆகிய இருவரும் கணக்குப் போட்டு, நடுவில் இருப்பது சூரியனைப் போல மூன்று மடங்குக்கும் மேல் என்று காட்டினார்கள். நியூட்ரான் விண்மீன் அவ்வளவு கனமாக இருக்க முடியாது. ஆக, அது கருந்துளை.

நம் பால்வீதியில் இப்படி எடை போட்டு உறுதி செய்யப்பட்ட கருந்துளைகள் இருபதை ஒட்டித்தான் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரு நாள் வெடித்தெழுந்து தங்களைக் காட்டிக்கொடுத்தவை. அந்த நாளில் காவல் இல்லாவிட்டால் அவை இருப்பதே நமக்குத் தெரிந்திருக்காது.

நிழலைப் பார்த்துத் திசை சொல்லும் கருவி

ஆர்யபட்டாவுக்கு நாற்பது ஆண்டு கழித்து, 2015 செப்டம்பர் 28ஆம் தேதி, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 'அஸ்ட்ரோசாட்' புறப்பட்டது. பெயரைக் கேட்டதும் வீட்டுக் கூரையில் உள்ள ஆஸ்ட்ரோ தட்டு நினைவுக்கு வருகிறதா? இது வேறு. வானியலுக்கென்றே இந்தியா ஏவிய முதல் துணைக்கோளம். எடை ஒன்றரை டன். ஐந்து கருவிகள். ஐந்தில் ஒன்றுக்கு ஒரே வேலைதான்: வானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, புதிதாக ஏதாவது எழுகிறதா என்று கவனிப்பது. 'ஸ்கேனிங் ஸ்கை மானிட்டர்' என்று பெயர். தமிழில் வான்காவல் கருவி எனலாம். பெங்களூருவில் உள்ள இஸ்ரோ மையம், புனேயின் ஐயூகா வானியல் மையத்தின் துணையோடு செய்தது.

அது எப்படி வேலை செய்கிறது? எக்ஸ்ரே கதிரைச் சாதாரணக் கண்ணாடி லென்ஸால் குவிக்க முடியாது. அதனால் வேறு வழி கண்டார்கள். ஓலைப் பந்தலின் கீழே நின்று பாருங்கள். இடுக்குகள் வழியே வெயில் விழுந்து தரையில் புள்ளி புள்ளியாகத் தெரியும். சூரியன் நகர்ந்தால் புள்ளிகளும் நகரும். பந்தலில் எங்கெங்கே இடுக்கு உண்டு என்று தெரிந்தால், தரையில் உள்ள புள்ளிகளை வைத்தே சூரியன் எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

வான்காவல் கருவியிலும் மேலே ஒரு தகடு. அதில் கணக்குப் போட்டு வெட்டிய நீளத் துளைகள். கீழே வாயு நிரப்பிய பெட்டி, அதற்குள் மின் அழுத்தம் ஏற்றிய மெல்லிய கம்பிகள். துளை வழியே வரும் எக்ஸ்ரே, வாயு அணுவிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்து எறியும். அவை கம்பியை நோக்கி ஓடி, மின் துடிப்பாகப் பதியும். கம்பியில் எந்த இடத்தில் துடிப்பு விழுந்தது என்பதிலிருந்து நிழலின் வடிவம் கிடைக்கும். நிழலிலிருந்து திசை கிடைக்கும். இப்படி மூன்று கேமராக்கள் ஒரு சுழல் மேடையில் உள்ளன. ஓரிடத்தில் சில நிமிடம் நின்று பார்க்கும், பிறகு நகரும், மறுபடி நிற்கும். ஜாகா வேலை பார்ப்பவர் ஒவ்வொரு வாசலிலும் நின்று பார்த்துவிட்டுப் போவது போலத்தான்.

பிரகாசம் கூடியிருக்கிறதா என்று ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். அதற்கு நண்டு நெபுலாவை வைத்திருக்கிறார்கள். 1054இல் சீன வானியலாளர்கள் பார்த்துக் குறித்து வைத்த விண்மீன் வெடிப்பின் மிச்சம் அது. அதன் எக்ஸ்ரே பிரகாசம் ஒரு 'கிராப்'. ஏ0620-00 உச்சத்தில் சுமார் 50 கிராப் அளவுக்கு ஏறியது. காவல் கருவி பார்ப்பதையெல்லாம் கணினி பழைய பட்டியலோடு சரிபார்க்கும். பட்டியலில் இல்லாத ஒன்று எழுந்தாலோ, அடங்கிக் கிடந்த ஒன்று விழித்தாலோ, அறிவிப்பு போகும். 1997 முதல் 'வானியலாளர் தந்தி' என்றே ஓர் அறிவிப்பு முறை இதற்காக நடந்து வருகிறது.

நம் தலைக்கு மேலே

அஸ்ட்ரோசாட்டின் பாதை நிலநடுக்கோட்டை ஒட்டியது. உயரம் 650 கிலோமீட்டர், சாய்வு ஆறே டிகிரி. ஷா ஆலம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று டிகிரியில் இருக்கிறது. அதாவது, அந்தத் துணைக்கோளம் ஒரு நாளில் ஏறக்குறைய பதினான்கு முறை நம் வட்டாரத்தைக் கடக்கிறது. நீல மசூதிக் கோபுரங்களுக்கு மேலே ஒரு வான்காவல் வண்டி போய்வருகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. தென் அமெரிக்காவையும் தென் அட்லாண்டிக் கடலையும் ஒட்டிய பகுதிக்கு மேலே, பூமியின் காந்தப் புலம் பலவீனமாக இருப்பதால், மின்னேற்றத் துகள்கள் தாழ இறங்கி நிற்கின்றன. அதற்குள் நுழைந்தால் கருவிக்கு இரைச்சல்தான் கேட்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிப் போனால் அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

நாசாவின் 'சந்திரா' தொலைநோக்கியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 1999 ஜூலையில் ஏவப்பட்ட அதற்குப் பெயர் கொடுத்தவர் நம் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் கப்பலேறியபோது அவருக்கு வயது 19. சூரியனைப் போல 1.4 மடங்குக்கு மேல் போனால் வெள்ளைக் குறுமீன் தாங்காது என்ற கணக்கு அந்தப் பயணத்தில்தான் உருவானது. நியூட்ரான் விண்மீன், கருந்துளை என்ற பாதைக்கு அது கதவைத் திறந்தது. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சந்திரா மிகக் கூர்மையான பார்வை கொண்டது. ஆனால் அதன் முதன்மைக் கேமரா ஒரு நேரத்தில் பார்ப்பது முழு நிலவின் அகலத்தைவிடச் சிறிய இடத்தை. எங்கே பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்ல வேண்டும். படப்பிடிப்புக் குழு எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் தகவல் தருபவர் இல்லாமல் கிளம்ப முடியாதே!

2024 ஜனவரி 9ஆம் தேதி சீனா ஏவிய 'ஐன்ஸ்டைன் புரோப்' இதில் ஒரு பெரிய முன்னேற்றம். கடையில் லோப்ஸ்டர் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தச் சிங்கி இறாலின் கண்ணைப் பார்த்துச் செய்த கருவி அதில் இருக்கிறது. அந்தக் கண்ணில் லென்ஸ் கிடையாது. சின்னச் சின்னச் சதுரக் குழாய்களின் உள்சுவரில் பட்டு ஒளி குவிகிறது. அதே முறையில் எக்ஸ்ரேயையும் சாய்வாகப் பட வைத்துக் குவிக்கலாம். பன்னிரண்டு தொகுதிகள் சேர்ந்து ஒரே நேரத்தில் முழு வானத்தில் சுமார் பன்னிரண்டில் ஒரு பங்கைப் பார்க்கின்றன. புதிதாக ஒன்று தெரிந்தால், துணைக்கோளம் தானே திரும்பித் தன் இன்னொரு தொலைநோக்கியை அங்கே நீட்டும். நிருபரும் கேமராவும் ஒரே வண்டியில்!

"இதனால் நமக்கு என்ன பயன்?"

மன்றத்தில் இந்தத் தலைப்பைப் பேசினால் எழும் முதல் கேள்வி இது. இதனால் அரிசி விலை குறையாது. ஆனால், ஈர்ப்பு விசை உச்சத்தில் இருக்கும்போது பொருளும் ஒளியும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைப் பூமியில் எந்தச் சோதனைச் சாலையிலும் செய்து பார்க்க முடியாது. இயற்கை அந்தச் சோதனையைச் சில நாள் மட்டும் நடத்திக் காட்டுகிறது. பார்த்தால் உண்டு, பார்க்காவிட்டால் இல்லை.

"அந்தக் கதிரால் நமக்கு ஆபத்தா?" என்பது அடுத்த கேள்வி. இல்லை. தூரம் அதிகம், காற்று மண்டலமும் காக்கிறது.

"மலேசியாவில் இருந்துகொண்டு நாம் என்ன செய்ய முடியும்?" என்பது மூன்றாவது. இது எனக்குப் பிடித்த கேள்வி. இந்த வெடிப்புகளில் எக்ஸ்ரேயோடு சாதாரண ஒளியும் வரும். 2018 மார்ச்சில் 'மேக்ஸி ஜே1820+070' என்ற கருந்துளை ஜோடி வெடித்தபோது, மேக்ஸி அதைக் காண்பதற்கு ஐந்து நாள் முன்பே தரையில் இருந்த 'அசாசின்' ஆய்வுக் கேமராக்களில் அது பதிவாகிவிட்டது. அந்தக் கேமராக்களில் இருப்பது விளையாட்டுப் போட்டிகளைப் படமெடுப்போர் வைத்திருக்கும் நீள லென்ஸ்தான், விட்டம் 14 சென்டிமீட்டர். 2015இல் வி404 சிக்னியின் மினுமினுப்பை 20 சென்டிமீட்டர் தொலைநோக்கியாலேயே காணலாம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2016இல் எழுதினார்கள். பல நாடுகளின் பொழுதுபோக்கு வானியலாளர்களும் அந்த ஆய்வுக்கு அளவீடுகளைத் தந்தார்கள். ஓரிடத்தில் பகலாக இருந்தால் இன்னோரிடத்தில் இரவு. நம் இரவில் நாம் பார்த்தால்தான் சங்கிலி அறுபடாமல் இருக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் மேகமும் விளக்கொளியும் தடைதான். என்றாலும் மேகம் விலகிய இரவுகளும் நமக்கு இல்லாமல் இல்லை.

காவலாளிகளுக்கு வயதாகிறது

கடைசியாக ஒரு கவலை. 1995 டிசம்பரில் ஏவப்பட்டுப் பதினாறு ஆண்டு வானத்தைக் காவல் காத்த அமெரிக்காவின் 'ஆர்.எக்ஸ்.டி.இ.' 2012 ஜனவரியில் பணியை முடித்தது. 2004இல் சென்ற ஸ்விஃப்டின் பாதை மெல்லத் தாழ்ந்து வந்ததால், அதை மேலே தூக்கிவிட 2025 செப்டம்பரில் நாசா ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்பந்தம் செய்தது. மேக்ஸி இருக்கும் விண்வெளி நிலையத்துக்கு 2030ஐ ஒட்டி ஓய்வு கொடுக்கத் திட்டம். ஐந்து ஆண்டுக்கென்று வடிவமைத்த அஸ்ட்ரோசாட் 2025 செப்டம்பரில் பத்து ஆண்டைத் தாண்டியது. பெரிய தொலைநோக்கிக்குப் பணம் கேட்டால் எல்லோரும் படம் பார்த்து மகிழ்கிறார்கள். காவல் கருவிக்குப் பணம் கேட்டால், "அது என்ன கண்டுபிடிக்கும்?" என்று கேட்கிறார்கள். அதற்கு முன்கூட்டியே பதில் சொல்ல முடியாது. சொல்ல முடிந்தால் காவலே தேவையில்லை.

2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தைக் கண்ட நமக்கு, தண்ணீர் மட்டத்தை முன்கூட்டிப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் இருப்பதன் அருமையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஏ0620-00 வெடித்தது 1917லும் 1975லும். இடைவெளி 58 ஆண்டு. அதே கணக்கு மறுபடி வரும் என்று இயற்கை யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. வந்தால் 2033ஐ ஒட்டி இருக்கும். இன்று ஆரம்பப் பள்ளியில் படிக்கும் பிள்ளை அப்போது பல்கலைக்கழக வாசலில் நிற்பான், நிற்பாள். உங்கள் பிள்ளைக்கு விண்வெளியில் நாட்டம் இருந்தால், பள்ளி விடுமுறையில் கோலாலம்பூர் தேசியக் கோளரங்கத்துக்கு ஒரு முறை அழைத்துச் செல்லுங்கள். மேகமில்லாத இரவில் வடக்கே அன்ன விண்மீன் குழுவைக் காட்டுங்கள். அங்கே ஒரு கருந்துளை மறுபடி வாயுவைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லுங்கள்.